மொன்றியலுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்

இந்த நகரத்தில் வீட்டை எண்ணும்போது அரையையும் சேர்த்து எண்ணுவார்கள். மூன்றரை, நாலரை, ஐந்தரை என்று வாசலில் பலகை தொங்கும். அந்த அரை என்பது குளியலறை. சமையலறை ஒன்று, ஹோல் ஒன்று, படுக்கையறை இரண்டு, அதோடு இந்த அரை. ஆக நாலரை என்பது ஒரு சின்ன வீடுதான். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் நாங்கள் இருப்பது அப்படி ஒரு நாலரை. வந்த புதிதில் இதை ரெலிபோனில் ஊருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்னது யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றி, கணவரின் சித்தப்பா ஒருவரிடம் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு நாலு படுக்கையறையும், ஆட்கள் வந்தால் பாய் விரிக்க ஒரு அரை அறையும் இருப்பதாக ஆகிவிட்டது. "அந்த அரை அறையில எத்தினை பேர் படுக்கலாம் பிள்ளை?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். "ஒராள் இருக்கலாம் மாமா, கன நேரம் இருக்க ஏலாது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அடுத்த கோடையில் குடும்பத்தோடு வந்து விளங்கிக்கொண்டார்.

பனி உருகத் தொடங்கியதும் இங்கே இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். மற்றது என் ரெலிபோன். "மொன்றியல் பாக்க வரலாமெண்டு யோசிக்கிறம், உங்க எங்க தங்கினா வசதி?" ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், இப்போது ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். வேறு யாராவது கேட்டால் இது ஒரு கேள்வி. எங்கள் ஆட்கள் கேட்டால் அது கேள்வி இல்லை, அறிவித்தல். ஒருமுறை நான் இதைக் கேள்வியென்று நினைத்து, மெத்ரோவுக்குப் பக்கத்தில் மலிவாக, துப்புரவாக ஒரு ஹோட்டல் இருக்கிறது என்று பெயரும் விலாசமும் சொன்னேன். மற்றப் பக்கத்தில் "ஓ, அப்பிடியோ" என்றார்கள். ஒரு கிழமைக்குள் கணவரின் சொந்தத்தில் பாதிப் பேருக்கு என் தலைக்கனத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது. சொந்தம் இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் தங்கினால் தங்கியவருக்கும் மானம் போகும், அந்த ஊரில் இருக்கிற சொந்தத்துக்கும் மானம் போகும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். இரண்டு பக்கத்து மானத்தையும் காப்பாற்றி என் முதுகு போய்விட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு விருந்தாளிகளைப் பிடிக்காது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டிகளை அடுக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். இவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றுகிற லொறி ஓடுகிறார். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், யாரோ ஒருவர் என் சமையலறையில் தேயிலைப் பேணியைத் தேடிக்கொண்டு நிற்பார். என் மகள் அபி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வைகாசி முதல் ஆவணி வரை அவள் தன் கட்டிலில் படுத்ததாக எனக்கு நினைவில்லை. வருகிறவர்கள் மலைமேல் உள்ள கோயில், பழைய துறைமுகம், ஒரு பாலம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ மொன்றியல்? ரொறன்ரோ மாதிரி வராது" என்று சொல்லி, மிச்ச நாட்களை எங்கள் சோபாவில் கழிப்பார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி அவர்களுக்கும் தெரியும். ஐந்தாம் நாள் காலை அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்பார்கள்.

போகும்போது நடக்கும் கூத்து இன்னொன்று. சூட்கேஸ்கள் எல்லாம் வெளியே மாடி நடைபாதைக்குப் போன பிறகு, சப்பாத்து போட்டுக்கொண்டே விருந்தாளி சட்டைப் பையிலிருந்து ஒரு என்வலப்பை எடுத்து அபியின் கையில் திணிப்பார். பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கோ என்பார். நான் ஓடிப்போய் அதைப் பறித்து அவருடைய பையிலேயே திரும்ப வைப்பேன். அவர் மறுபடி எடுப்பார். "சும்மா விடுங்கோ", "என்ன பழக்கமிது", "பிள்ளைக்குத்தானே", "அப்ப இனி வரமாட்டம்" என்று இழுபறி நடக்கும். உடனே வாங்கினால் அது காசுக்கு அலையும் குணம். கடைசிவரை வாங்காவிட்டால் அது மரியாதைக் குறைவு. எவ்வளவு நேரம் மறுக்க வேண்டும் என்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் கைவந்த கலை. முடிவில் அபி முகத்தைச் சுளித்தபடி வாங்கிக்கொள்வாள். இதெல்லாம் வீட்டுக்குள் நடப்பதில்லை, லிஃப்ட் வாசலில் நடக்கும். அந்த லிஃப்டுக்கு நேரெதிரே மதாமின் கதவு.

மதாமுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தனிய இருக்கிறார். பெயர் தெரியும், ஆனால் நாங்கள் மதாம் என்றுதான் சொல்வோம். காலையில் பொன்ஜூர், மாலையில் பொன்சுவார், அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து, போன கிழமை வந்த பெண் யார் என்று கேட்டார். கணவரின் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி என்று பிரெஞ்சில் சொல்ல எனக்கு வராது. என்னிடம் இருந்த சொல்லைக் கொண்டு, என் சகோதரி என்றேன். அதற்கடுத்த மாதம் இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்டார், அவரும் சகோதரியானார். மதாமின் கணக்கில் ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஒரு புதுச் சகோதரி சூட்கேஸோடு வந்து இறங்கி, போகும்போது என் மகளிடம் காசு கொடுத்துவிட்டுப் போகிறாள். கடைசியில் அவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தால், அவரை முழுவதும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆனால் நான் சொல்வேன். கதவிடுக்கால் படம் எடுத்தவரை வேறு எப்படிச் சொல்வது?

போன வருடம் சித்திரை மாதம் கட்டடத்து மனேஜர் வந்தார். நாற்பது வயதுக்காரர், மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரெலிபோனில் படங்களைக் காட்டினார். நடைபாதையில் வரிசையாக நிற்கும் சூட்கேஸ்கள். எங்கள் கதவுக்கு வெளியே குவிந்து கிடக்கும் செருப்புகள். லிஃப்ட் வாசலில் நானும் இவருடைய சித்தப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு என்வலப்பை இழுத்துக்கொண்டு நிற்கும் படம். அதில் என் முகம் எனக்கே பயமாக இருந்தது. வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது இந்த நகரத்தில் குற்றம் என்று மனேஜர் தொடங்கினார். அபி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் வாங்கிறேல்லை எண்டு சொல்லு. எல்லாரும் சொந்தக்காரர்."

அபி சொன்னாள். அவர் படத்தைப் பெரிதாக்கி என்வலப்பைக் காட்டினார். "இது?"

"அது பிள்ளைக்கு."

"அப்படியென்றால் காசு வாங்குவது உங்கள் மகளா?"

அபி இதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்கள் அம்மா அந்தக் காசை வேண்டாம் என்கிறாரா? அப்படியென்றால் ஏன் கடைசியில் வாங்குகிறீர்கள்?" என்றார். அபி அதை எனக்கு மொழிபெயர்த்தாள். இத்தனை வருடத்தில் இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. காசும் கொடுக்காமல், ஹோட்டலுக்கும் போகாமல், இவ்வளவு பேர் ஏன் இவ்வளவு சின்ன வீட்டில் வந்து தங்க வேண்டும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. எனக்கும் அதே கேள்வி நெடுநாளாக இருந்தது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. போகும்போது, இனி சூட்கேஸோடு ஒருவர் வந்து இந்த வீட்டில் தங்கினாலும் படங்களோடு விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போகும், வீட்டு ஒப்பந்தம் முறியும் என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மென்மைக்குப் பின்னால் இருந்தது எங்களுக்கு விளங்காமல் இல்லை. இந்தக் கட்டடத்தில் பழைய ஆட்கள் நாங்களும் மதாமும் இன்னும் இரண்டொரு வீடுகளும்தான். மற்ற வீடுகளை இடித்துக் கட்டி, புதுத் தரை போட்டு, மாணவர்களுக்குக் கொள்ளை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நாங்கள் கொடுக்கும் வாடகைக்கு இன்று இந்தப் பகுதியில் ஒரு மூன்றரை கூடக் கிடைக்காது. வெளியேறினால் இந்த நகரம் இருக்கிற தீவுக்கு அப்பால், பாலம் கடந்து போக வேண்டும். நான் விடிய முதல் இரண்டு பஸ் மாற வேண்டும். ஏற்கெனவே முதுகு விலகிய இவர் இன்னும் தூரம் ஓட வேண்டும். அபி நடந்து போகும் பல்கலைக்கழகம் நடக்கிற தூரத்தில் இருக்காது. இந்த வீடு போனால் எங்களுக்கு இந்த நகரமே போனது மாதிரி.

அபிக்குக் கொதி. "அம்மா, அவர் சும்மா வெருட்டுறார். வீட்டுக்கு ஆக்கள் வரக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. ட்ரிபியூனலுக்குப் போகட்டும், நாங்களும் போவம். நான் கதைக்கிறன்."

"கோடு கச்சேரி எண்டு ஏற எனக்கு ஏலாது," என்றார் இவர். "ஒருக்கா ஏறினது காணும்."

இவர் ஏறியது அகதி விசாரணைக்கு. தனக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னார். முதல்முறை அவர்கள் நம்பவில்லை. நீ சொல்வது பொருத்தமாக இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லி நம்பவைக்கத் தவறியவருக்கு, மேசைக்குப் பின்னால் இருக்கும் எவரைக் கண்டாலும் வெளியே போகும் வாசல்தான் முதலில் கண்ணில் படும். எங்களுக்கு ஏன் வில்லங்கம், கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் வராமல் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். சொல்லப்போனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. இந்தக் கோடையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு விசா கிடைத்தது.

எனக்கு இருப்பது ஒரே ஒரு உண்மையான சகோதரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவளுடைய மகன் சுதன் ரொறன்ரோவில் இருக்கிறான், ஐப்பசியில் அவனுக்குக் கலியாணம். அத்தானுக்கு விசா மறுத்துவிட்டார்கள், அவளுக்கு மட்டும் கொடுத்தார்கள். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு நாங்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ரொறன்ரோவில் வந்து இறங்கி இரண்டாம் நாளே எடுத்தாள். "யூன் மாதம் பஸ் ஏறி வாறன். ஒரு கிழமை உன்னோட நிப்பன். நீ எனக்கு ஒண்டும் பாக்க வேண்டாம், உன்ர கட்டிலில ஒரு கரையில கிடப்பன்."

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். மதாம், மனேஜர், படங்கள், ஒப்பந்தம் என்று ஒன்றும் விடவில்லை. பகல் முழுக்க வீட்டில் இருக்கலாம், இரவுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் படுக்கலாம், நல்ல இடம், நானே பார்த்து வைக்கிறேன் என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"வாடகைக்கு விட்டவர் ஆரோ சொந்தத் தங்கச்சி வீட்டில தமக்கை படுக்கக் கூடாதெண்டு சொன்னவராமோ?"

"ஓமக்கா."

"உந்தக் கனடாவிலயோ?"

"ஓம்."

"சரி. உனக்கு ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லு. ஏன் உப்பிடிக் கதை சொல்லுறாய்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்க, முன்பின் தெரியாத மனுசன் நாலு மாதம் எங்களை வைச்சிருந்தவர். ஒரு கேள்வி கேட்டவரே?"

கேட்டார். வாயால் இல்லை, வேறு விதமாக. அவளுக்கு அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. தென்மராட்சியில் அந்த வீட்டுக்காரர் கேற்றைத் திறந்துவிட்டார், அது உண்மை. எங்களைப் போல் இன்னும் பல குடும்பங்கள் அந்த வளவுக்குள் இருந்தோம். ஆனால் மூன்றாம் கிழமை அவருடைய மனைவி கிணற்று வாளியைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டினார். விறகு எடுத்தால் யன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். அவருடைய சமையலறையில் யாரோ ஒருவர் எப்போதும் எதையோ தேடிக்கொண்டு நின்றார்கள். அப்போது அந்தப் பெண்ணை நான் மனதுக்குள் சபித்திருக்கிறேன். இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ, கண்டால் கையைப் பிடித்துக்கொள்வேன். இருந்தும் ஒன்று உண்டு. அவர் வாளியைப் பூட்டினாரே தவிர, எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லும்படி அவரை வெருட்டவும் அங்கே யாரும் இருக்கவில்லை.

அன்றைக்கு ரெலிபோனை வைத்த பிறகு நெடுநேரம் கொதித்துக்கொண்டிருந்தேன். காசு வாங்காமல் ஆட்களை வைத்திருக்கிறோம் என்று இந்த நாட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆட்களை வைத்திருக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று என் சொந்த அக்காவிடம் சொன்னேன், அவளும் நம்பவில்லை. இரண்டும் உண்மை. இங்கத்தைய உண்மை அங்கே பொய்யாகிறது, அங்கத்தைய உண்மை இங்கே பொய்யாகிறது. நடுவில் நிற்கிற நான் இரண்டு இடத்திலும் பொய்க்காரி. இதை வாசிக்கிற புலம்பெயர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் காணாது.

அக்கா வந்தாள். பஸ் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதோம், அதில் குறை இல்லை. ஆனால் அவள் சூட்கேஸை நான் தூக்கப் போனபோது விடவில்லை. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில், மொன்றியலில் யாரையாவது தெரியுமா, அவசரத்துக்கு அழைக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். அக்காவுக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே விளங்கியது. "தங்கச்சி ஒராள் இருக்கிறா" என்று தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் இலக்கத்தைக் கொடுத்தேன். அறையில் அவள் சூட்கேஸைத் திறந்தபோது, எனக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூளின் மணம் அந்த வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் ஏறியது. அதை உடனேயே எடுத்துக் கொண்டுபோகச் சொல்லித் தந்தாள். வாசனைக்கு ஆட்கள் ஏதும் சொல்லப் போகிறார்கள் என்றாள். எங்கள் வீட்டு நிலைமையை நம்பாதவள் ஹோட்டலின் சட்டத்துக்கு உடனே பயந்தாள்.

பகலில் அவளைக் கூட்டி வருவேன். கைப்பை மட்டும்தான் கொண்டு வருவாள். முதல்நாள் லிஃப்டில் மதாம் அவளுக்குப் பொன்ஜூர் சொன்னார். அக்கா கைகூப்பினாள். "என் சகோதரி" என்றேன். மதாம் சிரித்த சிரிப்பில், இன்னொன்றா என்பது இருந்தது. ஆயுளில் ஒருமுறை அந்தச் சொல்லைச் சரியான ஆளுக்குச் சொன்னேன், அதற்கும் மதிப்பில்லாமல் போனது. வீட்டுக்குள் அக்கா சுற்றிப் பார்த்தாள். அபியின் அறையைப் பார்த்தாள். அங்கே கட்டில் வெறுமையாக இருந்தது. "இது ஆற்ர?" என்று கேட்டாள். அபியுடையது, அவள் கோடையில் வேலைக்குப் போய்விட்டு நேரம் செல்லத்தான் வருவாள் என்றேன். அக்கா அறைக் கதவைச் சாத்தினாள். தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி, "இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். சின்ன வயதில் ஒரே கோப்பையில் இரண்டு பேரும் குடித்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியில் எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பொழுது சாய முதல் தானாகவே எழும்பி, "என்னைக் கொண்டுபோய் விடு" என்பாள். ஒரு கிழமை என்று வந்தவள் மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது, "நல்ல வசதியாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

யூலை முதலாம் திகதி மொன்றியல் முழுக்க வீடு மாறும். தெருவெல்லாம் கட்டில்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் நிற்கும். அந்த நாளில் நாங்கள் பல்கனியில் நின்று மற்றவர்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனேஜர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். வீடு தப்பியது. அதோடு விருந்தாளிகளும் நின்றுபோனார்கள். அக்காவை ஹோட்டலில் விட்ட கதை எங்களைவிட வேகமாக எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. சொந்தத் தமக்கைக்கே இந்த நிலைமை என்றால் எங்களுக்கு என்ன என்று நினைத்து, தங்க வரலாமா என்று ஒருவரும் கேட்கவே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி கிடைத்தது. அபி தன் கட்டிலில் படுத்தாள், நான் என் சமையலறையில் தனிய நின்றேன். புரட்டாதியில் மதாம் லிஃப்டில் வைத்து, இப்போது உங்கள் குடும்பம் வருவதில்லையே, பாவம், தனிமையாக இருக்குமே என்றார். அவர் கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஐப்பசியில் சுதன் எடுத்தான். நல்ல பிள்ளை, குரலில் ஒரு பிழையும் இல்லை. "சித்தி, பொம்பிளை பகுதியின்ர வெளியூர் ஆக்களுக்கு ஒரு ஹோட்டல் எடுத்திருக்கு. அதிலயே உங்களுக்கும் ஒரு றூம் போட்டிட்டன். அம்மாதான் சொன்னவ, சித்திக்கு ஹோட்டல்தான் வசதி எண்டு. வீட்டில சனம் கூடத்தானே. கலியாண ஹோலுக்கு அங்கயிருந்தே பஸ் வரும், நீங்கள் அலையத் தேவையில்லை."

கலியாண வீட்டில் சனம் கூடத்தான் இருக்கும். சனம் கூட இருப்பதால்தான் அதற்குப் பெயர் கலியாண வீடு. நெருங்கிய சொந்தம் வீட்டு ஹோலில் பாய் போட்டு வரிசையாகக் கிடந்து, விடிய எழும்பி, மாப்பிள்ளைக்குப் பாலும் அறுகும் தலையில் வைத்து முழுக்காட்டும். தாய் தகப்பன் முறையானவர்கள் சோடியாக நின்று முதலில் வைப்பார்கள். அத்தான் வராத இடத்தில், தாயின் கூடப்பிறந்தவளும் அவளுடைய கணவருமாக நாங்கள்தான் அதை வைத்திருக்க வேண்டும். அக்காவிடம் எடுத்துக் கேட்கலாம் என்று பல தடவை ரெலிபோனைக் கையில் எடுத்தேன். என்ன கேட்பது? எங்கே தங்கலாம் என்றா?

கலியாணத்தன்று காலை ஹோட்டலின் சாப்பாட்டு அறையில், பட்டுச் சேலையோடு பாண் சுடும் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றேன். இவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கோப்பி ஊற்றினார். ஒரே மேசையில் வந்து இருந்த பெண் நன்றாகக் கதைத்தார். நோர்வேயில் இருந்து வந்தவராம். மணப்பெண்ணுக்கு மாமி முறை.

"நீங்கள் எங்களுக்கு என்ன முறை? பொம்பிளைக்குத் தாய்ப் பகுதியோ?"

"இல்லை. நாங்கள் மாப்பிள்ளை பகுதி. நான் மாப்பிள்ளையின்ர சித்தி."

"தாயின்ர சொந்தத் தங்கச்சியோ?" அவர் என் கோப்பியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "அப்ப பாலறுகு வைக்கப் போகேல்லையோ?"

"நாங்கள் மொன்றியல் ஆக்கள்" என்றேன். அதுவே ஒரு பதில் என்பதுபோல அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வெண்ணெய்க் கட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

பஸ்ஸில் முழுக்கப் பெண் வீட்டார். சிரிப்பும் கதையுமாக ஹோல் வாசலில் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. அவர்களை வரவேற்க நின்ற பெண் வீட்டாரோடு நாங்களும் ஒதுங்கி நின்றோம். வேறெங்கே நிற்பது? சற்று நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கார்கள் வந்து நின்றன. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்ணின் பிள்ளை அந்த நேரம் பார்த்து அழுது வைத்தது. அவள் திரும்பிப் பார்த்து, வயதிலும் சேலையிலும் பொருத்தமாகத் தெரிந்த என்னிடம் பன்னீர்ச் செம்பைத் தந்தாள். "அன்ரி, ஒருக்காப் பிடியுங்கோ, மாப்பிள்ளை ஆக்கள் வந்திட்டினம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

முதலில் சுதன் தலைப்பாகையோடு வந்தான். என்னைக் கண்டு சிரிக்கப் போனான், பிறகு நான் நிற்கும் இடத்தைப் பார்த்துக் குழம்பினான். அவனை ஆராத்தி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாலறுகு வைத்து முழுக்காட்டிய ஈரம் இன்னும் அவன் கழுத்தடியில் காயாமல் இருந்தது. அவனுக்குப் பின்னால் அக்கா வந்தாள். இரண்டு பக்கத்தாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் என் கையில் இருந்த செம்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. முறைப்படி வருகிறவர்கள் தலையைச் சற்றுக் குனிய வேண்டும். அவள் குனிந்தாள்.

நான் செம்பைச் சரித்து என் அக்காவின்மேல் பன்னீரைத் தெளித்து, "வாங்கோ" என்றேன்.